வானத்திலிருந்து இறக்கிய பொய்

ஓர் ஒளிப்படம் இருபதாண்டுகட்கு மேலாக நம் சேதுக் கடலோரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கின்றது. தனுக்கோடியின் அரிச்சல்முனைக்கும் ஈழத்துத் தலைமன்னாருக்கும் இடையிலே, நீலக் கடலில் வெளிர்கோடு போல வளைந்து கிடக்கும் மணல்திட்டுகளை விண்ணிலிருந்து எடுத்த படம் அது. படம் மெய்யானது. அதன் அடியில் எழுதி அனுப்பப்படும் வரிகள்தாம் பொய்யானவை. "அமெரிக்காவின் நாசா, மாந்தர் கைகளால் கட்டப்பட்ட பாலத்தைக் கண்டுபிடித்துவிட்டது, அதன் அகவை 17 இலக்கத்து 50 ஆயிரம் ஆண்டு, இராமன் கட்டிய பாலம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, இதனை வெளியில் தெரியாமல் மறைக்கச் சூழ்ச்சி நடக்கின்றது, தமிழனாயின், இந்துவாயின், உடனே பத்துப் பேருக்கு அனுப்புக" என்பன அவ்வரிகள். 2002-ஆம் ஆண்டு அக்குதோபரில் இணையப் பக்கங்களிலும் மின்னஞ்சல்களிலும் கிளம்பி, நாளிதழ்களில் ஏறி, பின்னர் முகநூலில் குடியேறி, இன்று வாட்சாப் எனப்படும் புலனத்தின் வழியே இராமநாதபுரத்துத் தேநீர்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது இப்புரட்டு. அப்படத்தை அனுப்புவோருள் நம்மவரும் பலர் உளர் என்பதாலேயே இதனை விரித்து எழுத வேண்டியுள்ளது.

நாசா என்ன சொல்லியது? செய்தி பரவிய அந்த 2002-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் வாய் திறந்து மறுத்தது. அங்குத் தெரிவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கையான மணல்திட்டுத் தொடர் என்றும், அவ்விடத்தைப் பல்லாண்டுகளாகத் தாங்கள் படம் எடுத்து வருவதாகவும், அப்படங்களால் புதிதாக எந்தக் கண்டுபிடிப்பும் நிகழவில்லை என்றும் கூறியது. 2007-இல் இவ்வழக்கு மீண்டும் கிளறப்பட்டபொழுதும், விண்ணிலிருந்து எடுக்கும் படம் ஒரு திட்டின் அகவையையோ தோற்றத்தையோ காட்டவல்லதன்று; அதில் மாந்தர் கை பட்டதா என்பதை அது சொல்லவே முடியாது என்று அந்நிறுவனத்தார் விளக்கினர். 1966-ஆம் ஆண்டிலேயே செமினி-11 என்னும் விண்கலத்திலிருந்து இந்தியாவையும் இலங்கையையும் ஒருசேர எடுத்த படம் உலகெங்கும் அச்சாகியது. அன்று எவர்க்கும் அதில் பாலம் தெரியவில்லை. முப்பத்தாறு ஆண்டு கழித்துத் தெரிந்தது எப்படி? படம் மாறவில்லை; பார்த்தவர்களின் தேவை மாறிற்று.

அகவை கணிக்கும் முறையை ஒரு சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒரு பொருளின் அகவையை அறிய வேண்டுமானால் அப்பொருளில் ஒரு துண்டேனும் ஆய்வாளன் கையில் இருத்தல் வேண்டும். சிப்பியோ, பவளமோ, கரித்துண்டோ கிடைத்தால் அதிலுள்ள கரியணுக்களின் தேய்வை அளப்பர். மணலாயின், அது கடைசியாக வெயிலைக் கண்டது எப்பொழுது என்பதை அளப்பதற்குத் தனி முறை உண்டு. 400 கிலோமீட்டருக்கு மேலே பறக்கின்ற கலத்தின் கண்ணாடிக்கு எட்டுவது ஒளி மட்டுமே. ஒளியிடம் அகவையைக் கேட்பது, ஒருவன் நிழலைப் பார்த்து அவன் பிறந்த நாளைச் சொல்வதற்கு ஒப்பு.

பின், 17 இலக்கத்து 50 ஆயிரம் என்னும் எண் எங்கிருந்து வந்தது? திரேதா உகம் என்று வடமொழித் தொன்மங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கைப் புரட்டினால், அவ்வெண் அதற்குள் கச்சிதமாக விழுவதைக் காணலாம். எண்ணைப் பழங்கணக்கிலிருந்து எடுத்து, வெள்ளைக்காரன் வாயில் திணித்து, மீண்டும் அவன் சொன்னதாகவே நமக்குத் திருப்பித் தருகின்றார்கள். தொன்மக் கதையைத் தொன்மக் கதையாகவே சொன்னால் நம்புகிறவன் நம்புவான், நம்பாதவன் விட்டுவிடுவான். யார்க்கும் அதனால் இழப்பில்லை. அதற்கு அமெரிக்க முத்திரை குத்தும்பொழுதுதான் அது களவாகின்றது. நம் மண்ணிலேயே, சென்னைக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில், ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டு பழைமையுடைய கற்கருவிகள் கிடைத்துள்ளன. 2011-இல் முறையான ஆய்விதழில் வெளிவந்த முடிபு அது. அக்கருவிகளைச் செய்தவர்கள் இன்றைய மாந்த இனத்தாரே அல்லர்; அவர்கட்கு முற்பட்ட இனத்தார். அவர்கள் கையில் இருந்தது கல்லைக் கல்லால் கொத்திய கோடரி. இன்றைய மாந்த இனம் தோன்றியே ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுதான் ஆகின்றது. 17 இலக்கம் ஆண்டுக்கு முன் கடலிடையே பாலம் கட்டியவன் எவன்?

இனி, அத்திட்டு மெய்யாகவே என்னவென்று பார்ப்போம். பொய்யை விட மெய் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது அப்பொழுதுதான் விளங்கும். ஏறத்தாழ 20 ஆயிரம் ஆண்டுகட்கு முன், உலகின் வடபுலமெல்லாம் பனிப்பாறையால் மூடிக் கிடந்த காலத்தில், கடல்மட்டம் இன்றிருப்பதை விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சேதுக் கடலோ பெரும்பாலான இடங்களில் சில மீட்டர் ஆழமே உடையது. ஆகவே அன்று தமிழகமும் ஈழமும் ஒரே நிலம். நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியது, இடைநிலம் மூழ்கியது, மூழ்காத மேட்டிலே பவளம் வளர்ந்தது, சுண்ணக்கல் இறுகியது, அதன்மேல் மணல் சேர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இராமேசுவரத் தீவிலும் அதன் சுற்றுக் கடலிலும் துளையிட்டு ஆய்ந்து, தீவு உருவாகத் தொடங்கியது ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகட்கு முன் என்றும், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட பகுதி 18 ஆயிரம் ஆண்டுக்கும் 7 ஆயிரம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நீருக்கு மேல் நிலமாக இருந்திருக்கலாம் என்றும் கண்டது. தனுக்கோடிக்கு அப்பாலுள்ள மணல் மேடுகளோ 500, 600 ஆண்டுகளாகவே திரண்டு வருபவை.

மணல் அங்கு ஏன் சேர்கின்றது என்பதற்கு நாசாவைக் கேட்க வேண்டியதில்லை. பாம்பன் மீனவனைக் கேட்டாலே போதும். தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை அவன் ஆண்கடல் என்பான். வடக்கேயுள்ள பாக்குக் கடலைப் பெண்கடல் என்பான். ஒன்று கொந்தளிக்கும், மற்றொன்று அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசும் காலத்தில் நீரோட்டம் ஒரு பக்கம் மணலைத் தள்ளும். வாடை வீசும் காலத்தில் மறுபக்கம் தள்ளும். இரண்டு கடலும் முட்டும் இடத்தில் மணல் தங்கும். அத்திட்டுகட்கு அவன் இட்ட பெயர் தீடை. முதல் தீடை, இரண்டாம் தீடை, மூன்றாம் தீடை என்று எண்ணி வைத்திருக்கின்றான். ஓராண்டில் இருந்த தீடை மற்றோராண்டில் இடம் பெயர்ந்திருப்பதும் அவனுக்குத் தெரியும். கல்லால் கட்டிய பாலம் காற்றுக்குத் தக இடம் பெயருமா?

பவளக் கற்களுக்கு அடியில் தளர்ந்த மணல் இருக்கின்றதே, மணல்மேல் பவளம் வளராதே, எனவே எவரோ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்றொரு வாதத்தையும் இவர்கள் எடுத்து நீட்டுவதுண்டு. பவளக் கல்லைப் பெயர்த்து மணல்மேல் வீசுவதற்கு ஒரு புயல் போதும். 1964 திசம்பர் 22, 23-இல் வீசிய புயல் தனுக்கோடியின் தொடர்வண்டியையும், தண்டவாளத்தையும், ஊரையும் ஒருசேரத் தூக்கி எறிந்தது. கல்லைத் தூக்கி எறிய அதனால் ஆகாதா? இனி, இராமேசுவரத்தில் தொட்டி நீரில் மிதக்கவிட்டுக் காட்டப்படும் கற்கள். துளைகள் நிறைந்து காற்றடைத்த பவளமும், எரிமலை கக்கிய நுரைக்கல்லும் நீரில் மிதக்கும். சோற்றுப் பானை மூடியும் மிதக்கும். மிதப்பதற்கு ஒரு பெயரை எழுதி வைக்க வேண்டும் என்னும் தேவை கல்லுக்கு இல்லை. காசு திரட்டுபவனுக்கு உண்டு.

இறைப்பற்றோடு வந்து கடலாடிச் செல்லும் எளிய மக்களை நாம் இங்குக் குறை கூறவில்லை. காசியிலிருந்து மணலெடுக்க வருகின்ற கிழவிக்கு நாசா தேவைப்படுவதில்லை. அவள் நம்பிக்கைக்கு அமெரிக்கன் கையொப்பம் கேட்கவும் இல்லை. கேட்பவர்கள் அவளை வைத்து அரசியல் நடத்துவோரே.

இந்தத் தீடைகளின் மேல் மெய்யாகவே நடந்தவர்கள் உளர். 2022 மார்ச்சில், இலங்கைப் பொருளியல் வீழ்ந்து அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் அலைந்தபொழுது, படகுக்காரனிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து ஈழத்தமிழர் இக்கரை நோக்கி வந்தனர். காவலுக்கு அஞ்சிய படகோட்டிகள் அவர்களை நள்ளிரவில் தீடையில் இறக்கிவிட்டு ஓடினர். கைக்குழந்தையுடன், உணவின்றி, நீரின்றி, நான்குபுறமும் கடலாக, நான்காம் தீடையில் வெயிலில் நின்றவர்களைக் கடலோரக் காவற்படையினர் மீட்டுக் கொணர்ந்தனர். அதற்குப் பின்னும் அவ்வாறு பலர் வந்தனர். தமிழகத்தையும் ஈழத்தையும் இணைக்கும் பாலம் என்று ஒன்று உண்டெனில், அன்று அக்குழந்தையைச் சுமந்து நின்ற மணலே அது. அந்தச் செய்தியை எத்தனை பேர் பத்துப் பேருக்கு அனுப்பினர்? வானரங்கள் கல் சுமந்த கதைக்கு இலக்கக்கணக்கில் விரல்கள் அசைகின்றன. பசியோடு வந்த நம் உறவுக்கு அசையவில்லை.

பொய்க்கு விலை உண்டு. அவ்விலையை இக்கடற்கரை கொடுத்தது. சேதுக் கால்வாய் என்னும் எண்ணத்தை 1860-இல் தெய்லர் என்னும் ஆங்கிலேயக் கடற்படையர் முன்வைத்தார். 1967-இல் அறிஞர் அண்ணா அதற்கென எழுச்சி நாள் கொண்டாடச் செய்தார். 2005 சூலை 2-இல் மதுரையில் மன்மோகன் சிங் அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி உருவா செலவு என்று கணக்கிடப்பட்டது. கால்வாய் வேண்டுமா வேண்டாவா என்பதை முடிவு செய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினாக்கள் இருந்தன. தூர்வாரும் சேறு பவளத்தின் மேல் படிந்தால் என்னாகும்? 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் கதி என்ன? ஆவுளியா மேயும் கடற்புல் தப்புமா? கப்பல் போகும் வழியில் நாட்டுப் படகுக்காரன் வலை விரிக்கலாமா, கூடாதா? ஆண்டுதோறும் மணல் வந்து விழும் இடத்தை ஆண்டுதோறும் வாருவதற்கு ஆகும் செலவை எவர் தருவர்? மறுபுறத்தில், 400 கடற்கல் சுற்று மிச்சமாவதால் தூத்துக்குடிக்கும் தமிழகத்துக்கும் வரும் ஊதியம் என்ன?

இவ்வினாக்களை எழுப்ப மண்டபத்திலும், பாம்பனிலும், தங்கச்சிமடத்திலும் ஆள் இருந்தனர். அவர்கள் குரல் எடுபடவில்லை. 2007 ஆகத்து 31-இல் உச்ச நயன்மன்றம் அத்திட்டுக்கு ஊறு செய்யலாகாது என்று இடைக்காலத் தடை விதித்தது. செப்தம்பரில் இந்தியத் தொல்லியல் துறை, இராமாயண மாந்தர்களுக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று உறுதியாவணம் இட்டது. நாடெங்கும் கூச்சல் எழுந்தவுடன் இரண்டொரு நாளில் நடுவணரசு அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவியல் துறை ஒன்று தன் கூற்றைச் சான்று காட்டப்பட்டதால் திரும்பப் பெறவில்லை; கூச்சல் கேட்டதால் திரும்பப் பெற்றது. அன்று முதல் வழக்கு மீனைப் பற்றியதாகவும் இல்லை, பவளத்தைப் பற்றியதாகவும் இல்லை, இராமனைப் பற்றியதாகிவிட்டது. கால்வாயை எதிர்த்த மீனவனும் தோற்றான். ஆதரித்த வணிகனும் தோற்றான். ஒரு மணல்திட்டின் படத்துக்கு அடியில் எவனோ எழுதிய நான்கு வரி, ஒரு கடற்கரை மக்கள் தங்கள் வாழ்வைப் பற்றித் தாமே வழக்காடும் உரிமையைப் பறித்துக்கொண்டது.

அந்நாளில் பிறந்த மற்றொரு சூழ்ச்சிக் கதையையும் கேளுங்கள். கன்னியாகுமரியின் மணவாளக்குறிச்சிக் கரையிலும் கேரளத்தின் சவறாக் கரையிலும் மோனசைட்டு மணலில் தோரியம் உண்டு. அது மெய். அத்தோரியத்தைக் கவர்வதற்காகவே அமெரிக்கா பாலத்தை உடைக்கத் தூண்டுகின்றது. பாலம் உடைந்தால் ஆழிப்பேரலை வந்து மணலை அள்ளிச் சென்றுவிடும் என்று ஒட்டினார்கள் வாலை. இதில் வேடிக்கை என்னவென்றால், முதற் கதையில் உண்மையைக் கண்டுசொன்ன நல்லவனும் அமெரிக்கன். இரண்டாம் கதையில் உண்மையை அழிக்க வந்த கொடியவனும் அமெரிக்கன். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் அனுப்புகின்றான்! ஒன்றையொன்று அடிக்கின்றனவே என்று அவன் எண்ணுவதில்லை. சூழ்ச்சிக் கதையைப் படிப்பவன் எண்ணுவதற்காகப் படிப்பதில்லை. தனக்கு மட்டும் ஒரு மறைபொருள் தெரிந்துவிட்டதென்னும் களிப்புக்காகப் படிக்கின்றான்.

மறுப்பினாலும் இக்கதைகள் சாவதில்லை. 2017 திசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தன் நிகழ்ச்சிக்கு விளம்பரமாக, கல்லின் அகவை 7 ஆயிரம், மணலின் அகவை 4 ஆயிரம் என்று ஒரு துணுக்கை விட்டது. 17 இலக்கம் என்று முழங்கியவர்களே 7 ஆயிரத்தையும் வெற்றியென்று கொண்டாடினர். 2022 திசம்பரில் ஒன்றிய அமைச்சர் சிதேந்திர சிங் மாநிலங்களவையிலேயே, அங்குத் தென்படும் சுண்ணக்கல் திட்டுகளைப் பாலத்தின் எச்சமென்று துல்லியமாகக் கூற இயலாது என்றார். அதனை எவரும் பரப்பவில்லை. 2024-இல் இசுரோவைச் சார்ந்த ஆய்வாளர்கள், நாசாவின் செயற்கைக் கோள் ஒன்று அனுப்பிய ஒளிக்கற்றை அளவுகளைக்கொண்டு அத்திட்டின் நீரடி வடிவத்தை வரைந்து வெளியிட்டனர். நீளம் 29 கிலோமீட்டர். ஏறத்தாழ முழுவதும் ஆழமற்ற நீரில் மூழ்கியிருப்பது. தனுக்கோடி, தலைமன்னார் நிலங்களின் கடலடித் தொடர்ச்சி. ஆய்வு கூறியது இவ்வளவே. மறுநாள் காலை நம் கைப்பேசிகளில் வந்ததோ, "இராமர் பாலத்தை மெய்ப்பித்தது இசுரோ!"

இராமேசுவரத்தில் சங்குமாலிலும் அக்கினித் தீர்த்தக் கரையிலும் பருவக் காற்றின் போக்கால் கடல் சில மணி நேரம் உள்வாங்குவது அவ்வப்பொழுது நிகழ்வது. உள்வாங்கிய அரை மணிக்குள் அதன் படம் ஆழிப்பேரலையாகி ஊர் முழுதும் ஓடுகின்றது. 2004 திசம்பர் 26-இன் நடுக்கம் இன்னும் நெஞ்சில் இருப்பவர்களிடம் இவ்வாறு விளையாடுவது கொடுமை. பாம்பன் துறைமுகத்தில் ஒரு கம்பம் உண்டு. புயல் உருவாகுமாயின் அதில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவர். எத்தனையாம் எண், யார் ஆணையால் ஏற்றியது, அவ்வெண்ணின் பொருள் என்ன என்பது கரையிலுள்ள சிறுவனுக்கும் தெரியும். தவறாக ஏற்றினால் கேட்பதற்கு ஓர் அலுவலகம் உண்டு. கைப்பேசியில் வரும் எச்சரிக்கைக்குக் கம்பமும் இல்லை, எண்ணும் இல்லை, ஏற்றியவனும் இல்லை. பொய்க் கூண்டைப் பத்து முறை பார்த்தவன் பதினோராம் முறை மெய்க் கூண்டைப் பார்த்தும் கடலுக்குள் போவான்.

இது கடலோடு நிற்பதன்று. 2018 மேயில் பிள்ளை பிடிக்கும் கும்பல் உலவுவதாகப் புலனத்தில் பரவிய செய்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர் ஒன்றில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றனர். சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தது அவர் செய்த குற்றம். அதே நாள்களில் பழவேற்காட்டிலும் ஓர் உயிர் போயிற்று. அவ்வாண்டு சூலையில்தான் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒருசேர அனுப்ப இயலாவண்ணம் இந்தியாவில் வரம்பு கட்டியது. 2023 மார்ச்சில் அம்பு நம்மேலேயே பாய்ந்தது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழர் கொன்று குவிக்கின்றனர் என்று, வேறு மாநிலங்களில் நடந்த சண்டைப் படங்களையெல்லாம் ஒட்டி வடநாடெங்கும் பரப்பினர். அஞ்சிய தொழிலாளர் கூட்டம் கூட்டமாகத் தொடர்வண்டி ஏறியது. பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்து, அவ்வாறு ஏதும் இல்லையென்று கண்டது. பொய் சொல்லப்பட்ட இனமாக நிற்பது எப்படிப்பட்டது என்று தமிழன் அன்று அறிந்தான்.

அறிந்தவன் அடங்கியிருக்க வேண்டுமே! இனி நம் வீட்டுக்குள் வருவோம். வெளியில் உள்ள பொய்யைச் சாடுவது எளிது. நம் அன்பர்கள் கைப்பேசியில் உள்ளதைச் சாடினால்தான் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும்.

திருநள்ளாற்றின் மேல் வந்ததும் செயற்கைக் கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றனவாம், நாசா வியந்ததாம். பூமியை அணுகிச் சுற்றும் கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் விரைகின்றது. அது நின்றால் விழும். இதனைப் பகுத்தறிவு பேசும் நம் நண்பர்களே அனுப்புகின்றார்கள், "தமிழனின் அறிவியல்" என்று தலைப்பிட்டு! இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் பிறந்த நாளாகிய அக்குதோபர் 15-ஐ உலக மாணவர் நாளென்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததாக ஆண்டுதோறும் சுற்றுகின்றது. அவ்வவை அப்படி ஒரு நாளை அறிவிக்கவே இல்லை. 2015-இல் தமிழ்நாட்டரசு அந்நாளை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது, அது மெய். நம் அரசு செய்த சிறப்பு போதாதா? எவனோ செய்யாத சிறப்பை இரந்து பெற்றுத்தான் அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டுமா?

எல்லாவற்றிலும் பெரியது குமரிக்கண்டம். நாசா எடுத்த படமென்று, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆத்திரேலியா வரை நிலம் தீட்டிய படம் ஒன்று உலவுகின்றது. சேதுப் படத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. அதே நாசா, அதே முத்திரை, அதே "மறைக்கின்றார்கள்". கடல்கோளைப் பற்றிக் கலித்தொகையும் சிலப்பதிகாரமும் பேசுகின்றன. அடியார்க்கு நல்லார் காவதக் கணக்கும் நாட்டுக் கணக்கும் தருகின்றார். பாவாணர் அவற்றையெல்லாம் எடுத்துவைத்து, தாம் எதைக்கொண்டு என்ன முடிபுக்கு வந்தார் என்பதைத் தம் பெயரிட்டு அச்சிட்டார். அவர் முடிபை ஏற்காதவன் அவர் காட்டிய சான்றோடு பொருதலாம். அவர்காலத் தமிழறிஞர் பலர் துணைக்கொண்ட இலெமூரியக் கருத்து, 1864-இல் சுகிலேட்டர் என்னும் விலங்கியலார் தேவாங்கைப் போன்ற சிற்றுயிர்களின் பரவலை விளக்கக் கட்டியது. கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் நிலைபெற்றபின் அக்கருத்து அறிவியலாரிடம் வாழவில்லை. நூற்சான்றோடு வழக்காடிய அப்பெரியோருக்கும், பொய்ப்படம் தீட்டி நாசா முத்திரை ஒட்டுகின்ற இன்றைய விரலாடிகளுக்கும் என்ன உறவு? கடல் நம் நிலத்தைக் கொண்டது என்பதற்குச் சான்று வேண்டுமா? நாம் மேலே கண்ட 120 மீட்டர்க் கடலேற்றமே சான்று. ஈழமும் தமிழகமும் ஒரு நிலமாயிருந்தது கல்லிலும் பவளத்திலும் எழுதியிருக்கின்றது. மெய்யாகக் கிடைத்த இந்த நிலத்தை விட்டுவிட்டு, கிடைக்காத ஒரு கண்டத்துக்குப் பொய்ப் பட்டா எழுதுவானேன்?

இதனால் நமக்கு வரும் கேடு சிறிதன்று. கீழடியில் கிடைத்தவற்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதை 2019-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஆய்வுக்கூட அளவீட்டோடு வெளியிட்டது. முதலிரு கட்ட அகழாய்வு பற்றி அமர்நாத் இராமகிருட்டிணன் 2023-இல் அளித்த அறிக்கையை, 2025-இல் இந்தியத் தொல்லியல் துறை திருத்தித் தருமாறு திருப்பியனுப்பியது. சான்றை ஏற்க மனமில்லாத தில்லியோடு நாம் வழக்காடிக் கொண்டிருக்கும் நேரம் இது. அவ்வழக்கில் நம் கையிலுள்ள ஒரே படைக்கலம், அடுக்கு அடுக்காகத் தோண்டி, அளந்து, எண்ணிட்டு எடுத்த பொருள்கள். எதிரி என்ன சொல்வான்? "திருநள்ளாற்றில் கோள் நிற்கின்றது என்றவர்கள்தாமே நீங்கள்? நாசா கண்ட குமரிக்கண்டக்காரர்கள்தாமே?" என்பான். அவனுக்கு அச்சொல்லை எடுத்துக் கொடுப்பவர் நம் அன்பர்களே.

சேதுச் சீமையிலேயே ஒரு சான்று கிடக்கின்றது. இராமநாதபுரத்துக்குக் கிழக்கே வைகை கடலோடு கலக்கும் இடத்தருகில் அழகன்குளம். 1986-87 தொடங்கித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்குப் பலமுறை அகழ்ந்தது. உரோம நாட்டு மட்கலத் துண்டுகள், உரோமக் காசுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஆகியன கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் இக்கரையில் நின்ற ஒருவன், தன் கண்முன் வந்த கலத்தைப் பார்த்துப் பானையோட்டில் கீறிய கோடுகள் அவை. சற்றுத் தெற்கே பெரியபட்டினத்தில் சீன நாட்டு மட்கலங்கள் அள்ள அள்ளக் கிடைத்தன. இராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அதனை விரைந்து கட்டுக என்று கேட்பதற்குச் சேதுச் சீமையிலுள்ள நம் தோழர்கள் எத்தனை கூட்டம் போட்டனர்? எத்தனை மடல் எழுதினர்?

இனி அந்த நாசாப் படம் உங்கள் கைப்பேசிக்கு வருமாயின், அனுப்பியவர் அண்ணனாயினும் மாமனாயினும் வாளா அழித்துவிடாதீர்கள். எந்த நாள், எவர் வெளியிட்டது, எதனை அளந்து 17 இலக்கம் என்றார்கள் என்று அவரைக் கேளுங்கள். அதன்பின் அழகன்குளத்துக் கப்பலோட்டின் படத்தை, அகழ்ந்த துறையின் பெயரோடும் ஊரின் பெயரோடும் அவருக்குத் திருப்பி அனுப்புங்கள்.